ஒரு டம்ளர் டீயின் விலை

கீபோர்டில் கொட்டிய பானம் லேப்டாப்பைக் கொல்லச் சற்று அவகாசம் எடுத்துக்கொள்கிறது. அந்த அவகாசத்தில் வீட்டில் நடக்கும் காரியங்கள்தான் பெரும்பாலும் அதன் உயிரைப் பறிக்கின்றன.

தில்லி நேரு பிளேஸின் தாழ்வாரங்களில் லேப்டாப் பை தொங்காத தோளைப் பார்ப்பது அரிது. அந்தக் கூட்டத்திலும் சிலரைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிடலாம். அவர்கள் பையைத் தோளில் மாட்டியிருக்க மாட்டார்கள். பிறந்த குழந்தையைப் போல இரு கைகளிலும் ஏந்தி வருவார்கள். சிலருடைய லேப்டாப் குளியல் துண்டில் சுற்றியிருக்கும். இன்னும் சிலருடையது நேராக அரிசி டப்பாவிலிருந்து எழுந்து வந்திருக்கும். கீபோர்டு இடுக்குகளில் பாஸ்மதி மணிகள் நாலைந்து அதற்குச் சாட்சி.

மேஜைக்குப் பின்னால் இருப்பவர் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார். என்ன சிந்தியது? எப்போது? அதன் பிறகு ஆன் செய்து பார்த்தீர்களா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், "வெறும் தண்ணீர்தான்." அடிப்பக்க மூடியைக் கழற்றியதும் திரிந்த பாலின் வாசனை உண்மையைச் சொல்லிவிடும். மின்விசிறியைச் சுற்றிப் பழுப்புக் கறை. உற்றுப் பார்த்தால் ஏலக்காய்த் துணுக்கு. தொழிலில் பழுத்தவர்கள் இதற்காகக் கோபப்படுவதில்லை. டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைக்கும் நோயாளிகள் இல்லையா என்ன?

ஆனால் மூன்றாவது கேள்விக்குச் சொல்லப்படும் பொய்தான் விலை உயர்ந்தது. 'ஆன் செய்யவேயில்லை' என்று சத்தியம் செய்பவரின் மதர்போர்டில் ஒரு சிறு கரும்புள்ளி இருக்கும். ஈரம் காயாமல் மின்சாரம் பாய்ந்தால் மட்டுமே விழக்கூடிய புள்ளி அது.

லேப்டாப் அலுவலகத்தின் தனி மேஜையைவிட்டு வீட்டுக்குள் வந்து நெடுநாளாகிறது. ஆனால் சமையலறைக்கும் கட்டிலுக்கும் அது முழுதாகக் குடிபெயர்ந்தது 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகுதான். வகுப்பறை, அலுவலகம், வங்கி, சினிமா தியேட்டர் எல்லாம் ஒரே சாப்பாட்டு மேஜையில் கூடின. அந்த மேஜையில் ஏற்கெனவே தண்ணீர்ச் செம்பும் குழம்புக் கிண்ணமும் குடியிருந்தன. தன் தோட்டங்களில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தானே குடித்துத் தீர்க்கும் நாடு இது. விசைப்பலகைக்கும் டம்ளருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி என்றால் மோதல் எப்போது என்பதுதான் கேள்வி.

தில்லியில் நேரு பிளேஸ் என்றால் மும்பையில் லாமிங்டன் சாலை. அரசாங்கப் பலகை டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. பெங்களூருவில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. மொழிதான் வேறு, பெயர்ப்பலகைகளில் உள்ள வாசகம் ஒன்றே: 'சிப் லெவல் சர்வீஸ்'. அதாவது, மதர்போர்டை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டுகிற வேலை அல்ல. அதில் செத்துப்போன ஒற்றைச் சில்லைத் தேடிப் பிடித்து மாற்றுகிற வேலை. இந்தக் கடைகளின் வருமானத்தில் சிந்திய டீக்குக் கணிசமான பங்கு உண்டு.

தண்ணீர் அல்ல, அதில் கரைந்தது

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதே இல்லை. பள்ளிப் பாடத்தில் வரும் விஷயம்தான். ஆனால் எந்த வீட்டுக் குழாயிலும் சுத்தமான தண்ணீர் வருவதில்லை. சுண்ணாம்பும் மெக்னீசியமும் குளோரைடும் கரைந்த தண்ணீர்தான் வருகிறது. மின்சாரத்துக்கு அந்த உப்புகளே பாதை போட்டுக் கொடுக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரானால் பாதை இன்னும் அகலம்.

லேப்டாப்பின் உள்ளே நெருக்கடி அதிகம். சார்ஜரிலிருந்து உள்ளே வருவது 19 அல்லது 20 வோல்ட். பிராசஸர் கேட்பதோ சுமார் ஒரு வோல்ட். இந்த இரண்டும், இவற்றுக்கு இடைப்பட்ட பலவும், கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. போர்டில் இருக்கும் சில கெபாசிட்டர்களின் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. திரைக்குப் போகும் கேபிள் செருகப்படும் இடத்தில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவு. திரைக்கு வெளிச்சம் தரும் உயர்ந்த வோல்ட்டேஜும் படத்தைச் சுமந்து வரும் நுட்பமான சமிக்ஞையும் இந்த ஒரே செருகியில் அண்டை வீட்டுக்காரர்கள். நடுவில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால் அந்த வோல்ட்டேஜ் சுவர் ஏறிக் குதித்து, போகக்கூடாத சில்லுக்குள் போய்விடும். அந்தச் சில்லு அதைத் தாங்காது. நொடியில் நடந்து முடிந்துவிடும் மரணம் இது.

இரண்டாவது வகை மரணம் நிதானமானது. ஈரத்தில் மின்சாரம் தொடர்ந்து பாயும்போது நேர்முனையிலுள்ள செம்பும் வெள்ளீயமும் கரைகின்றன. எதிர்முனையை நோக்கிப் பயணம் போய் அங்கே செடியின் வேரைப் போலக் கிளை விட்டுப் படிகின்றன. மின்முலாம் பூசும் பட்டறையில் வேண்டுமென்றே செய்யப்படுவது இங்கே வேண்டாத விருந்தாக நடக்கிறது. ஒருபுறம் கம்பி தேய்ந்து அறுந்துபோகிறது. மறுபுறம், தொடக்கூடாத இரண்டு இடங்களை உலோக வேர் தொட்டுவிடுகிறது. மூடியைத் திறந்தவுடன் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் படிவு இதன் அடையாளம். பழைய டார்ச் லைட்டில் கசிந்த பேட்டரியைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

ஆகவே, என்ன சிந்தியது என்ற கேள்வி சம்பிரதாயமல்ல. சர்க்கரை போடாத கடுங்காப்பி ஓரளவு கண்ணியமானது. உலர்ந்தபின் அதிகம் மிச்சம் வைக்காது. கோலா பானங்களில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் துரு நீக்கும் திரவங்களிலும் இருப்பதுதான். அது உலோகத்தை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மோரில் உப்பும் லாக்டிக் அமிலமும் கூட்டணி. உடம்புக்கு நல்லது என்று புகழப்படும் இளநீர், அதே பொட்டாசிய உப்புகள் காரணமாகவே மதர்போர்டுக்குப் பகை.

நம் ஊர் டீ ஒரு தனி ரகம். பாலின் கொழுப்பும் புரதமும் சில்லுகளுக்கு அடியில் பசை போல ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை தானாக மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மே மாதத்தில் டீ கொட்டி, துடைத்து, காயவைத்து, 'ஒன்றும் ஆகவில்லை' என்று பெருமூச்சு விட்ட லேப்டாப் ஜூலையில் மழை பிடித்ததும் காரணமில்லாமல் நின்றுபோவது இதனால்தான். சொந்தக்காரர் டீயை மறந்திருப்பார். போர்டு மறந்திருக்காது.

முதல் ஒரு நிமிடம்

பானம் சிந்தியதும் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முதல் காரியம், யார் டம்ளரை அங்கே வைத்தது என்ற விசாரணை. அடுத்து, துணியைத் தேடி ஓடுவது. லேப்டாப்போ அதுவரை சார்ஜரோடு சேர்ந்து விளக்கெரிய உட்கார்ந்திருக்கும்.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்குவது முதல் வேலை. 'ஷட் டவுன்' செய்து மெனுவில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. பவர் பட்டனைப் பத்து வினாடி வரை விடாமல் அழுத்திப் பிடித்தால் இயந்திரம் அணைந்துவிடும். சேமிக்காத இரண்டு பக்கம் போகலாம். போகட்டும். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து, திரையும் கீபோர்டும் கூடாரம் போல நிற்கும்படி மேஜை விளிம்பில் வைக்க வேண்டும். எந்த வழியாகத் திரவம் போனதோ அந்த வழியாகவே திரும்பி வரட்டும் என்பதுதான் நோக்கம். துடைப்பது இதற்கெல்லாம் பிறகு.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்த லேப்டாப்களில் பேட்டரியை ஒரு தாழ்ப்பாளைத் தள்ளி வெளியே எடுத்துவிடலாம். இன்றைய மெல்லிய மாடல்களில் அது உள்ளே திருகப்பட்டிருக்கிறது. இந்த மாற்றம் எத்தனை லேப்டாப்களைக் கொன்றது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டாலும் பேட்டரி உள்ளே இருக்கும் வரை போர்டின் சில கோடுகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஈரம் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த உலோக வேர் வளர்கிறது. ஆகவே, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யாராவது அன்றைக்கே அடி மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தெரியாதவர் கடைக்கு ஓட வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

மிக மோசமான காரியம் மூடியைச் சாத்தி அப்படியே வைத்துவிடுவது. குழந்தைகள் செய்வது இதைத்தான், பெரியவர்களும் செய்வதுண்டு. மூடினால் லேப்டாப் அணைவதில்லை, தூங்குகிறது. தூக்கத்திலும் மெமரிக்கு மின்சாரம் போகிறது. கீபோர்டில் தேங்கிய டீ, இரவு முழுவதும் ஒரு பக்கம் கீழே போர்டை நோக்கியும் மறுபக்கம் மூடிய திரையின் ஓரத்தை நோக்கியும் நிதானமாக இறங்குகிறது. காலையில் அப்பா ஆபீஸ் வேலைக்காகத் திறக்கும்போது வீட்டில் இரண்டு பிரச்சினைகள் சேர்ந்து வெடிக்கின்றன.

அடுத்தது அரிசி. இந்த நம்பிக்கைக்கு இந்தியாவில் கிடைக்கும் மரியாதை அலாதி. அரிசி உப்புப் பாத்திரத்தில் ஈரம் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். மூடிய உலோகப் பெட்டிக்குள் சில்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டீயை அது உறிஞ்சாது. உறிஞ்சினாலும் தண்ணீரைத்தான் உறிஞ்சும், சர்க்கரையையும் பாலையும் அல்ல. அதன் மாவும் உமித் துகளும் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். நனைந்த ஐபோனை அரிசிப் பையில் போட வேண்டாம், துகள்கள் கெடுதல் செய்யலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில் தன் வழிகாட்டிக் குறிப்பில் சேர்த்தது. மொட்டைமாடி வெயிலும் ஹேர் டிரையரும் இதே பட்டியலில் சேரும். முன்னது தண்ணீரை மட்டும் விரட்டிவிட்டு உப்பை அங்கேயே விட்டுவைக்கும். பின்னது வெளியே வரவிருந்த திரவத்தை இன்னும் ஆழத்துக்கு ஊதித் தள்ளும். சூடு அதிகமானால் எழுத்து விசைகள் வளைந்தும் போகும்.

பூதக்கண்ணாடிக்குக் கீழே

சிப் லெவல் கடைகளில் நடக்கும் சிகிச்சைக்கு ஆச்சரியமான ஒரு தொடக்கம் உண்டு. நனைந்து கெட்டுப்போன போர்டை மறுபடியும் நனைக்கிறார்கள். பேட்டரி, மெமரி, மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றியபின், போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்ப்பார்கள். இந்த ஆல்கஹால் தண்ணீரோடு கலந்து அதையும் கூட்டிக்கொண்டு ஆவியாகிவிடும். தன் பங்குக்கு எதையும் விட்டுவைக்காது. வசதியுள்ள கடைகளில் அல்ட்ராசோனிக் கிளீனர் என்ற தொட்டி இருக்கும். ஒலியலைகள் திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை உண்டாக்கி உடைக்க, பிரஷ் நுழைய முடியாத சில்லுகளின் அடிவயிறு சுத்தமாகும். நகைக்கடைகளிலும் கண்ணாடிக் கடைகளிலும் இருக்கும் அதே கருவிதான்.

பிறகு மைக்ராஸ்கோப். அதன் கீழ் போர்டு ஒரு நகரத்தின் விமானப் படம் போலத் தெரிகிறது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். எந்தக் கோட்டில் மின்சாரம் இருக்க வேண்டும், எதில் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஷார்ட் ஆகியிருக்கும் கோட்டில் குறைந்த வோல்ட்டேஜைச் செலுத்தினால் குற்றவாளி சூடாகும். மேலே தடவிய ஆல்கஹால் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று உலரும். தெர்மல் கேமரா வாங்க முடியாத கடைகளின் தெர்மல் கேமரா இதுதான். கண்டுபிடித்த பின் ஹாட் ஏர் கன்னால் அந்தச் சில்லைப் பெயர்த்தெடுக்க வேண்டும். காரீயம் கலந்த பழைய சோல்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். இன்றைய போர்டுகளில் இருக்கும் காரீயம் இல்லாத வகை 217 டிகிரிக்கு மேல் கேட்கிறது. சற்றே தாமதித்தால் பக்கத்துச் சில்லும் நகர்ந்துவிடும்.

புதிய சில்லுக்கு எங்கே போவது? பாதி பதில், தில்லியின் வடகிழக்கு மூலையிலுள்ள சீலம்பூர். நாட்டின் மின்னணுக் கழிவு பெருமளவு முறைசாராத வகையில் வந்து உடைக்கப்படும் இடம் அது. இறந்த லேப்டாப்களின் போர்டுகள் அங்கிருந்து பாகங்களாகப் பயணம் புறப்படுகின்றன. ஒன்றின் சில்லு மற்றொன்றுக்கு உயிர் தருகிறது. இந்தக் கொடையாளிப் போர்டுகள் இல்லாவிட்டால் சிப் லெவல் தொழிலே இல்லை. அந்தப் பாகங்களைப் பிரித்தெடுப்பவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் காரீயப் புகையில் உட்கார்ந்திருப்பது இந்தக் கதையின் வசதியற்ற பகுதி. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களைத்தான் அறியும்.

இன்னொரு தேவை வரைபடம். எந்தக் கோடு எங்கே போகிறது என்று சொல்லும் சர்க்யூட் வரைபடத்தை நிறுவனங்கள் பொதுவாக வெளியாருக்குத் தருவதில்லை. எப்படியோ கசிந்து கைமாறும் பிரதிகளை வைத்துத்தான் இந்தத் தெருக்கள் பிழைக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் வெற்றிக்கு உத்தரவாதமில்லை. நேர்மையான கடைக்காரர் போர்டு ஓடினாலும் நனைந்த போர்டுக்கு நெடுநாள் வாரண்டி தர மாட்டார். அதிக நாள் வாரண்டி தருகிறேன் என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு 'சரி செய்ய முடியவில்லை' என்று கைவிரிக்கும் கடைகளும் இதே தாழ்வாரங்களில் உண்டு. கொடுப்பதற்கு முன் மெமரியின் அளவையும் சேமிப்பு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வெள்ளைச் சீட்டு சிவப்பாகும்போது

நிறுவனத்தின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் சில்லைத் தேடும் வேலைக்கு இடமில்லை. மதர்போர்டை முழுதாக மாற்ற எஸ்டிமேட் தருவார்கள். அது பல சமயம் புதிய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தொடும். டீ கைவைக்கும் இடத்தையும் நனைத்திருந்தால் கீபோர்டும் அதோடு சேர்த்து ஒட்டப்பட்ட மேல் பாகமும் தனிக் கணக்கு. தவணையில் வாங்கியவர்களுக்கு அடி இரட்டை. கிழக்கு தில்லி லக்ஷ்மி நகரில் அறையைப் பகிர்ந்துகொண்டு சி.ஏ. தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவனின் நிலை அதுதான். ஊரில் அப்பா மாதாமாதம் கட்டும் பணத்தில் வந்த இயந்திரம், தவணை முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கையில் இரவு இரண்டு மணிக்கு டீயில் மூழ்குகிறது. இயந்திரம் நின்றாலும் தவணை நிற்காது. விஷயத்தை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்று தவித்து அவன் கழிக்கும் நாட்களில்தான் போர்டு அரித்துப்போகிறது.

வாரண்டி இருக்கிறதே என்பவர்கள் சின்ன எழுத்தில் உள்ளதைப் படிப்பதில்லை. வழக்கமான வாரண்டி உற்பத்திக் குறைக்கு மட்டும்தான். திரவம் பட்ட சேதம் அதில் சேராது. பல மாடல்களின் உள்ளே, ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சின்னச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. டெக்னீஷியன் முதலில் பார்ப்பது அதைத்தான். 'தானாக நின்றுவிட்டது' என்ற வாக்குமூலம் அங்கே எடுபடாது. விபத்துச் சேதத்துக்கென்று தனியே பணம் கட்டிப் பெறும் திட்டம் இருந்தால் கதை வேறு. பெரும்பாலும் அதை லேப்டாப் வாங்கும்போதோ வாங்கிய சில நாட்களுக்குள்ளோ எடுத்துவிட வேண்டும். சிந்தியபின் தேடிப் பயனில்லை.

சண்டை வருவது நடுவிலுள்ள சாம்பல் பகுதியில். விபத்துத் திட்டம் வைத்திருப்பவரிடம் 'அலட்சியம்' என்று மறுப்பது, எதுவும் சிந்தாத இயந்திரத்தில் ஈரப்பதத்தால் சீட்டு நிறம் மாறிவிட்டது என்று வாடிக்கையாளர் வாதிடுவது போன்றவை. கடலோர நகரங்களில் இரண்டாவது வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதற்கு வழி வைத்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ முயன்று பார்க்கலாம். எதற்கும் உள்பாகங்களின் படங்களோடு எழுத்துபூர்வமான பரிசோதனை அறிக்கையைச் சர்வீஸ் சென்டரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். வாய்ச்சொல் வழக்குக்கு உதவாது.

தெருக் கடைக்காரர்களுக்கும் சட்டத்தின் காற்று லேசாக வீசுகிறது. பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆராய மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நிறுவனங்கள் உதிரி பாகம், வாரண்டி விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது எண்ணம். தெருவுக்கு வேண்டியதோ வரைபடம். அது இன்னும் கசிந்துதான் வருகிறது.

வடிகால் வைத்தவர்கள்

இதையெல்லாம் தவிர்க்க முடியாதா? முடியும். திங்க்பேட் வரிசையின் பல மாடல்களைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சிறு துளைகள் தெரியும். கீபோர்டுக்குக் கீழே ஒரு தட்டு, அதிலிருந்து குழாய் போன்ற வழி, கடைசியில் துளை. வீட்டு முற்றத்து மழைநீர் போல டீ ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் வேறு சில நிறுவனங்களின் வரிசைகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. முழுச் செம்புத் தண்ணீருக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் மாணவர்களும் குடும்பங்களும் அதிகம் வாங்கும் விலை குறைந்த மாடல்களில் இது அநேகமாக இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் அதிகாரிக்கு வடிகால். கட்டிலில் படுத்துப் படிக்கும் மாணவிக்கு வடிகால் இல்லாத இயந்திரம். விளம்பரங்களில் திரையின் பளபளப்புக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

கடையில் வாடிக்கையாளர் கடைசியாகக் கேட்கும் கேள்விக்கு வருவோம். பலருக்கு அதுதான் முதல் கேள்வியும்கூட: "மெஷின் போனால் போகிறது, உள்ளே இருந்ததை எடுத்துத் தர முடியுமா?" ஐந்தாண்டு ஆராய்ச்சிக் கட்டுரை, இறந்துபோன தாயாரின் குரல் பதிவு, ஜி.எஸ்.டி. கணக்கு. இவற்றுக்கு எஸ்டிமேட் போட முடியாது.

ஒரு காலத்தில் இதற்கு எளிய பதில் இருந்தது. போர்டு செத்தாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடும். கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் போதும். இன்றும் சேமிப்பு டிஸ்க் தனித் துண்டாக இருக்கும் லேப்டாப்களில் அது சாத்தியம். சில மெல்லிய மாடல்களில் சேமிப்புச் சில்லுகள் மதர்போர்டிலேயே சோல்டர் செய்யப்பட்டிருக்கின்றன. அங்கே போர்டுக்கு உயிர் வராமல் ஒரு கடிதம்கூட வெளியே வராது.

தனித் துண்டாக இருந்தாலும் ஒரு பூட்டு காத்திருக்கிறது. 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகப் புதிதாக அமைக்கப்படும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் தகவல்கள் தாமாகவே மறையெழுத்தாக்கப்படுகின்றன. திருடனிடமிருந்து காக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் டிஸ்க்கை வேறு இயந்திரத்தில் மாட்டியதும் 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்கும். அப்படியொரு எண் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரியவருகிறது. வழக்கமாக அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கணக்கு? வாங்கிய அன்று கடைக்காரப் பையன் தொடங்கிக் கொடுத்த கணக்கா, மருமகன் போட்டுக் கொடுத்ததா? கடவுச்சொல் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கடைக்காரர் டிஸ்க்கை ஒரு சின்னப் பையில் போட்டு, பெயரெழுதி, திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீட்டில் போய் நிதானமாகத் தேடிப் பாருங்கள் என்பார்.

மீதி இயந்திரத்துக்கு அந்த மேஜையிலேயே விலை பேசப்படும். டீ எட்டாத திரை நன்றாகவே இருக்கும். மெமரியும் வைஃபை அட்டையும் கீல்களும் சார்ஜரும் விலை போகும். போர்டுக்கும் ஒரு சிறு தொகை உண்டு. வெளியே படியில் காத்திருக்கும் யாரோ ஒருவரின் போர்டுக்கு அதிலிருந்து ஒரு சில்லு தேவைப்படலாம்.